ஒரே சாக்கில் இரண்டு முகம்

...இல்லைங்க, காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, மூக்கு மட்டும் கொஞ்சம் லீவு போட்டிருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் என்ன, சிரித்துச் சொன்னால் எந்தச் சரக்கும் பாதிக் கனம் குறைந்துவிடும், ஆனால் முகக்கவசத்துக்குள் சிரிப்பதை யார் பார்க்கப்போகிறார்கள், இந்த நோய் வந்து வியாபாரியின் முகத்தையே மூடிவிட்டது, இனிக் கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேரம் பேச வேண்டும், கண்ணோ பொய் சொல்லத் தெரியாத வேலைக்காரன்... அமீர் ஹம்சா சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார். கார்ப்பரேஷன் பள்ளிக்கூட மைதானம், கொரோனா டெஸ்ட் முகாம். நேற்று மழை பெய்து வட்டங்கள் பாதி கரைந்திருந்ததால் எது யாருடைய வட்டம் என்று தெரியாமல் ஜனங்கள் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தார்கள். கொடிக்கம்பத்துப் பக்கம் அண்டாவில் கபசுரக் குடிநீர், ஆளுக்கு ஒரு பேப்பர் கப், வாங்கிக் குடித்தவர்களெல்லாம் முகத்தைக் கோணலாக்கிக்கொண்டு போனார்கள், அவரும் வாங்கினார், குடித்தார், மற்றவர்களைப் பார்த்து அதே மாதிரி முகத்தைக் கோணலாக்கினார். வெந்நீர் மாதிரிதான் இருந்தது. அந்த முகத்தை ஏன் செய்தோம்? யாருக்காக? அண்டாப் பக்கம் நின்ற பெண் இவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழக்கம். தெரியாததைத் தெரியவில்லை என்று காட்டிக்கொள்ளாத பழக்கம், மூக்கு போனாலும் அது போகவில்லை. எனக்குக் கொப்பரை தருகிற அங்கப்பனுக்கு இப்போது காய்ச்சல் எவ்வளவு இருக்கும்? காலையில் போனில் குரல் கம்மியிருந்தது, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தது, நான் என்ன சொன்னேன், கஷாயம் குடிங்ணா, அப்பறம் கூப்பிடறேன்... அப்புறம் கூப்பிடுகிறேன் என்பது எங்கள் மண்டியில் வேண்டாத சரக்குக்காரனை அனுப்புவதற்குச் சொல்கிற வார்த்தை அல்லவா.

முன்வட்டத்தில் நின்ற வரதராஜுலு திரும்பினார். பம்புசெட் உதிரிபாகக் கடைக்காரர், தெரிந்த முகம்தான், தெரிந்த பாதி முகம். ஏனுங்க பாய், நீங்களும் வந்துட்டீங்களா, எனக்கு ஒண்ணும் இல்லீங்க, மருமக பிரத்யுஷா மாசமா இருக்கறா, டெஸ்ட் எடுத்துப்போட்டு வந்தாத்தான் ஊட்டுக்குள்ள உடுவேன்னு நிக்கறா, மத்தபடி எனக்கு இந்த டெஸ்ட்டுல எல்லாம் நம்பிக்கையே இல்லீங்க என்றார், சுற்றிலும் பார்த்துவிட்டு, இதெல்லாம் கண்ணாமூச்சிங்க, எடுத்தா இருக்குதும்பான், அப்பறம் வாசல்ல தகரம் அடிப்பான், கடையை மூடச் சொல்லுவான், வந்தா வந்துட்டுப் போகட்டும், ஊருல பாதிப் பேருக்கு வந்துபோச்சுன்னா அதுக்கு மேல அது எங்கீங்க போகும் என்றார். பேச்செல்லாம் வந்துட்டுப் போகட்டும், கால் மட்டும் டெஸ்ட் வரிசையில், என்று அமீர் ஹம்சாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது, வேறு நாளாக இருந்தால் சொல்லியிருப்பார், வரதராஜுலுவும் சிரித்திருப்பார். இன்று அதற்குள் வரதராஜுலு போனை எடுத்துவிட்டார். இதைக் கேளுங்க பாய், நம்மூரு பெரிய டாக்டர் ஒருத்தர் பேசியிருக்காரு, பேரு போடல, பேரு போட்டா கவர்மென்ட்டு உடுமா, எங்க குரூப்புல வந்துச்சு, எத்தன தெளிவாப் பேசறாருன்னு பாருங்க. போனிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. நோய்ங்கறது கல்யாணத்துக்கு வர்ற மாமன் மாதிரிங்க, எல்லா ஊட்லயும் ஒருவேள சோத்தைப் போட்டு அனுப்பிச்சுட்டா மறுக்கா வர்றதுக்கு அவனுக்கு ஊடு இருக்காது, நீங்க கதவைச் சாத்தச் சாத்த அவன் வாசல்லயே பாயைப் போட்டுப் படுத்துக்குவான்... அமீர் ஹம்சா தரையைப் பார்த்தார். அவருடைய குரல்தான். மண்டிக்காரர்கள் குழுவுக்காக, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பல் குத்திக்கொண்டே பேசி அனுப்பியது. நடுவில் ஒரு இடத்தில் மனைவி ரம்லா உள்ளேயிருந்து தட்டை எடுக்கட்டுங்களா என்று கேட்பதுகூடக் கேட்டது. பாருங்க, டாக்டரு எத்தன எளிமையா ஊட்ல இருந்தே பேசறாரு என்றார் வரதராஜுலு.

எப்படி டாக்டர் ஆனேன்? யார் ஆக்கினார்கள்? ஒருவன் இன்னொருவனுக்கு அனுப்பும்போது பாய் சொன்னார் என்று சொன்னால் யார் கேட்பார்கள், தேங்காயெண்ணெய் மண்டிக்காரன் சொன்னான் என்றால் அது மண்டிக்காரன் பேச்சு, அதனால் நடுவில் எவனோ நல்ல மனதுடன் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறான், சாதாரண எண்ணெயை நல்ல டப்பாவில் ஊற்றி விற்பது போல, நானே செய்திருக்கிறேனே அதை... பேசும்போது எத்தனை சுகமாக இருந்தது. ஊரடங்கில் மண்டி மூடிக்கிடந்து, கையில் வேலை இல்லாமல், பேச ஆள் இல்லாமல் கிடந்தவனுக்கு ஒரு குழு முழுக்கக் கேட்கிறது என்றால் வார்த்தை தானாக வரும். அந்த மாமன் உதாரணம் பேசப்பேச வந்ததுதான், முன்கூட்டி யோசித்ததல்ல, வந்ததும் நானே அதில் மயங்கிவிட்டேன். மகள் ஹிபா மயங்கவில்லை. மருந்தியல் படிக்கிற பெண், கல்லூரி மூடியதால் வீட்டில் எல்லோருக்கும் கல்லூரி நடத்திக்கொண்டிருந்தவள், ஓடி வந்து எதிரே உட்கார்ந்தாள். அத்தா, அந்த மாமன் சும்மாப் போகமாட்டான், போற ஊட்ல இருந்து யாரையாவது கூடவே கூட்டிட்டுப் போவான், யாரை அனுப்பலாம்னு நீங்களே சொல்லுங்க என்றாள். நான் சிரித்தேன், வயசானவங்களை ஜாக்கிரதையா உள்ள வெச்சுட்டா ஆச்சு கண்ணு என்றேன். எந்த ஊட்ல அத்தா வயசானவங்களுக்குத் தனி உள்ள இருக்குது, ஒரே ரூமு, ஒரே பாத்ரூமு, ஒரே தட்டுக் கழுவற தொட்டி என்றாள். மாட்டிக்கொண்டால் குரலை உயர்த்துவது என் வழக்கம், உயர்த்தினேன். அப்போதும் அவள் விடவில்லை, சாக்கைத் தொறந்து பாக்காம கொப்பரை வாங்குவீங்களா நீங்க, டெஸ்ட்டுங்கறது சாக்கைத் தொறக்கறதுதானுங்களே என்றாள், என் தொழிலை எடுத்து என்னையே அடித்தாள். நான் சொன்னேன், சாக்கைத் தொறக்கணும்னு வாங்கறவன்தான் சொல்லுவான் அம்மணி, விக்கறவன் சொல்லமாட்டான், இந்த விஷயத்துல நாமெல்லாம் விக்கற பக்கம் நிக்கறோம், தொறந்தா நம்ம தெருவுக்கு விலை போயிரும். ரம்லாகூடச் சிரித்தாள். ஹிபா சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை, அளவெடுத்தாள், இந்த ஆள் எந்த அளவு வரைக்கும் போவார் என்று.

எந்த அளவு வரைக்கும் போவேன் என்று திங்கட்கிழமை எனக்கே தெரிந்தது. விடியலில் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்ததும் ரம்லா காபி கொடுத்தாள், வாயருகே கொண்டுபோனேன், சூடு இருந்தது, காபி இல்லை. சமையலறைக்குப் போய் யாரும் பார்க்காதபோது பூண்டை நசுக்கி மோந்தேன். அலமாரியிலிருந்து அத்தர் குப்பியைத் திறந்தேன், மூக்கின் உள்ளே ஜில்லென்று ஏதோ பட்டது, அவ்வளவுதான். அப்போதே தெரியும். தெரியாது என்று இப்போது யாரிடம் சொன்னாலும் என்னிடம் நான் சொல்ல முடியாது. நாளெல்லாம் டி.வி.யில் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஆனால் வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடித்துவிட்டான், உடுமலைக்குப் போக வேண்டும், அங்கப்பனுடைய களத்தில் கொப்பரை காய்ந்து சாக்குப் பிடித்து வைத்திருக்கிறார், மழை வருவதற்குள் பேசி முடிக்க வேண்டும், இன்றைக்குப் போகாவிட்டால் காங்கயத்து ஆள் போய்விடுவான்... இவ்வளவையும் ஒரு நிமிடத்தில் நினைத்தேன், அந்த ஒரு நிமிடத்தில் நினைக்காமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், அங்கப்பனுக்கு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பது. வந்தால் வந்துவிட்டுப் போகட்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் தனக்கு வந்ததும் அப்படிச் சொல்லிப் பார்த்தானா? இல்லை, எனக்கு வரவில்லை என்று சொல்லிக்கொண்டான். கொள்கை எல்லாம் அடுத்தவன் உடம்புக்குத்தான் போலிருக்கிறது. பல்லடம் தாண்டும் வரை ஜன்னல் ஓரமாக முகத்தை வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு வாசனை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன், கோழிப்பண்ணைகள் வரிசையாக வந்தன, டிரைவர் மூக்கைப் பொத்தினான், நானும் பொத்தினேன்.

வரிசை நகர்ந்தது. வரதராஜுலு அடுத்த வட்டத்துக்குப் போய் அங்கிருந்தே பேசிக்கொண்டிருந்தார், மந்தை எதிர்ப்புச் சக்தின்னு அதுக்குத் தமிழ்ல பேருங்க பாய், ஆட்டு மந்தைல நோய் வந்தா நாம என்ன ஒவ்வொரு ஆட்டுக்கும் டெஸ்ட்டா எடுக்கறோம், வந்துது, நாலு போச்சு, மீதி கெட்டியாயிருச்சு. பின்னால் நின்ற யாரோ, அந்த நாலுல நீங்க இருந்தா சரிங்களா என்று கேட்டார்கள், வரதராஜுலு, நான் ஏனுங்க இருக்கறேன், நான்தான் டெஸ்ட் எடுக்க வந்துட்டனே என்றார், வரிசையே சிரித்தது. நாலு போச்சு. அங்கப்பனுக்குச் சர்க்கரை உண்டு. கொப்பரைத் தூசி இழுத்து இழுத்துக் குளிர்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கும், சைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டுதான் வருவார். அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அடுத்தவன் தோப்பில் தேங்காய் உரித்துக் கூலி வாங்கிய குடும்பம், இவர்தான் களத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தன் பெயரில் சாக்குப் பிடித்தவர், அந்தக் கொப்பரையை யாராவது ஒரு வார்த்தை குறை சொன்னால் முகம் சுருங்கிவிடும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு வருஷமும் குறை காட்டுவேன். சாக்கைப் பிரித்ததும் ஒரு கை அள்ளி, உடைத்து, மோந்து, கண்ணை மூடி, லேசாக உதட்டைப் பிதுக்கினால் போதும், அவரே இறங்கி வருவார். எல்லா வியாபாரியும் செய்வதுதான், உதடு பிதுக்காமல் கொப்பரை வாங்கினவன் மண்டியில் உட்கார முடியாது.

திங்கட்கிழமை உதட்டைப் பிதுக்கினால் போதாது, முகக்கவசத்தை இறக்கினாலும் எட்டி நிற்கிற அங்கப்பனுக்கு உதடு தெரியாது. அதனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதாயிற்று. கவசத்தை இறக்கி, அள்ளி மோந்து, மோந்தது போலச் செய்து, என்னங்ணா, பழசான எண்ணெயாட்டச் சிக்கு வாடை அடிக்குதே என்றேன். சொன்ன மாத்திரத்தில் எனக்கே பயம்தான், ஒருவேளை நிஜமாகவே அடிக்கிறதோ, அல்லது நிஜமாகவே அருமையான கொப்பரையோ, எனக்கு எதுவும் தெரியவில்லையே, இருட்டில் கையை விட்டவன் மாதிரி நின்றேன். மூக்கு இல்லை என்று தெரிந்தால் அங்கப்பனே அடியில் கெட்டதைப் போட்டுக் கட்டிவிடுவார் என்று நினைத்தேன், எத்தனை வருஷப் பழக்கம், அவர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை, ஆனாலும் நினைத்தேன். அங்கப்பன் அதுவரை கட்டுப்பாடாகத் துண்டை மூக்கோடு சுற்றிக் கட்டியிருந்தவர், எட்டி நின்றே பேசினவர், வாங்க பாய், அங்கயே உக்காருங்க, காலங்கெட்டுக் கெடக்குது என்று ஸ்டூலைத் தூரத்தில் போட்டவர். சிக்கு வாடையா, என்ர கொப்பரையிலயா என்றார். துண்டை அவிழ்த்தார். எங்கீங்க, எந்தச் சாக்குங்க என்று பக்கத்தில் வந்தார். சாக்கு வாய்க்குள் முகத்தை விட்டார். எனக்கு ஒண்ணும் வரலீங்களே பாய், நீங்க மறுக்கா பாருங்க என்றார். நானும் குனிந்தேன். குனியாமல் இருந்திருக்கலாம். குனியாவிட்டால் பொய் என்று தெரிந்துவிடும். ஒரே சாக்கு, ஒரே வாய், இரண்டு தலை, அவருடைய மூச்சு என் கன்னத்தில் பட்டது, என்னுடையது அவர் மேல் பட்டிருக்கும், இழுத்து இழுத்து மோந்தார் மனிதர், மண்டியில் எவனும் அப்படி மோந்ததில்லை, இல்லாத ஒரு வாடையைத் தேடி நெஞ்சு நிறைய நிறைய இழுத்தார். அடுத்த சாக்கு. அதற்கடுத்த சாக்கு. நானும் கூடவே குனிந்துகொண்டு போனேன். கடைசியில், வயசாயிருச்சு பாய், எனக்குத்தான் பிடிபடலயாட்ட இருக்குது, நீங்க சொன்னாச் செரியாத்தான் இருக்கும், வெலையைப் பாத்துப் போட்டுக் குடுங்க என்று இறங்கி வந்தார். நான் ஜெயித்துவிட்டேன். டீ குடித்துவிட்டு வண்டி ஏறினேன், ஏறும்போது அவரிடம் சளி, காய்ச்சல்னு வந்தா இந்த டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு போயிராதீங்ணா, களத்தை மூடிப்போடுவாங்க, காஞ்ச கொப்பரை மழைல போயிரும், ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சா அதுவே போயிரும் என்று வேறு சொன்னேன். அதை ஏன் சொன்னேன்? அவர் கேட்கவே இல்லையே. அவர் நன்மைக்குத்தான் சொன்னேன் என்று திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். இப்போது இந்த வெயிலில் நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது... அங்கப்பன் டெஸ்ட் எடுத்து, இருக்கிறது என்று வந்து, எங்கிருந்து வந்தது என்று தேடினால், அந்தத் தேடல் நேராக எங்கே வரும்?

வரதராஜுலுவின் முறை. மேசைக்குப் பின்னால் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறைக்குள் இருந்த பெண் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அண்ணாந்து பாருங்க, ஆடாதீங்க என்றாள். குச்சி மூக்குக்குள் போனதும் அவர் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, அம்மணி, மூளையைத் தொட்டுப்போட்ட என்று அலறினார். அப்படி ஒண்ணும் உள்ள தட்டுப்படலீங்க சார் என்றாள் அவள், பின்னால் நின்றவர்கள் மறுபடி சிரித்தார்கள். அடுத்து. அமீர் ஹம்சா போய் எதிரே நின்றார். உறையின் நெஞ்சில் பேனாவால் மதிவதனி என்று எழுதியிருந்தது, உள்ளே இருக்கிற ஆள் யார் என்று அவர்களுக்கே அடையாளம் வேண்டுமல்லவா. ஹிபா வயது இருக்கலாம், கண்ணாடிக்குள் வியர்வை வழிந்தது, துடைக்க முடியாமல் தலையை ஆட்டிக்கொண்டாள். பேரு, வயசு, போன் நம்பர். என்ன பண்ணுதுங்க உங்களுக்கு? வாசனை தெரியலீங்க. எப்ப இருந்துங்க? இதோ, இதுதான், இந்த இடம்தான் என்று நினைத்தார், இதற்குத்தான் காலையிலிருந்து ஒத்திகை பார்த்தேன், திங்கட்கிழமை என்று சொல்ல வேண்டும், சொன்னால் அடுத்த கேள்வி யாரைப் பார்த்தீர்கள், அங்கப்பன், உடுமலை, அவ்வளவுதான், சாயங்காலத்துக்குள் அங்கே ஆள் போய் நிற்கும், குச்சி போகும், காய்ச்சல்காரனை எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள், நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, கவர்மென்ட் பார்த்துக்கொள்ளும். வாய் திறந்தது. நேத்துலருந்துங்க என்றது. நேற்று, வெள்ளிக்கிழமை. நேற்றுத்தான் ஹிபா அடுப்பில் பால் தீய்ந்து புகைவதையும் பக்கத்திலேயே உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பதையும் பார்த்தாள், அத்தர் குப்பியை மூக்கடியில் நீட்டி, இது என்ன வாசனை, சொல்லுங்க என்றாள், ரோஜா என்றேன், மல்லிகை அத்தா, காலைல மொதல்ல டெஸ்ட்டுக்குப் போங்க என்றாள். அதனால் நேற்று என்பது பொய்யும் அல்ல என்று ஒரு குரல் உள்ளே சமாதானம் சொன்னது, வெளியே தெரிந்த நாள் நேற்றுதானே. மதிவதனி தலையாட்டினாள். அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வரைக்கும் யாரைப் பாத்தீங்க, புதங்கிழமையிலருந்து சொல்லுங்க. ஊட்டு ஆளுகதாங்க என்றார். இது பொய் அல்ல. புதன், வியாழன் அவர் வெளியே போகவில்லை. ஒரு நாளைத் தள்ளி வைத்ததில் மீதி எல்லாம் உண்மையாகிவிட்டது. எத்தனை சுத்தமான வேலை, எங்கே தட்டினால் எங்கே இறங்கும் என்று கைக்குத் தெரிகிறது, கேட்டது ஒரு சின்னப் பெண், அவளிடம்கூட முழு விலை கொடுக்க மனம் வரவில்லை. வேற வெளியூர் எங்கயாச்சும் போனீங்களா? அவர் வரதராஜுலுவைப் பார்த்தார், வரதராஜுலு மூக்கைத் தேய்த்துக்கொண்டு, போனைக் காதில் வைத்து, அந்த வாய்ஸை இன்னொரு ஆளுக்குக் கேட்கவைத்துக்கொண்டிருந்தார். இல்லீங்க. அண்ணாந்து பாருங்க. குச்சி உள்ளே போனது. எங்கெங்கோ எரிந்து கண்ணில் நீர் கொட்டியது. பரவால்லீங்க, எல்லாருக்கும் வரும் என்றாள் மதிவதனி, ஒரு டிஷ்யூ கொடுத்தாள். எல்லோருக்கும் வருகிற நீர்தானா இது? நல்ல சமயத்தில் வந்தது. துடைத்துக்கொண்டே போனால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

சுற்றுச்சுவர் ஓரம் புங்கமர நிழலில் போய் நின்றார். திரும்பிப் போய்ச் சொல்லலாம், அம்மணி, தப்பாச் சொல்லிப்போட்டேன், திங்கட்கிழமைங்க என்று, ஐந்தாறு வட்டம் தாண்டினால் அந்த மேசை, ஆனால் வரிசைக்காரர்கள் விடுவார்களா, வரதராஜுலு இருக்கிறார், நாளைக்குப் பெரியகடை வீதி முழுக்கப் பரவிவிடும், உடுமலையில் இனி எந்தக் களத்துக்காரன் சாக்கைப் பிரித்துக் காட்டுவான், நோயையும் கொடுத்துவிட்டுக் காட்டியும் கொடுத்தான் என்பார்கள்... காட்டிக்கொடுப்பதா? காப்பாற்றுவதா? இரண்டுக்கும் ஒரே பெயர்தானே மேசையில் சொல்ல வேண்டும். சரி, மேசை வேண்டாம். நேராக அவரிடமே சொல்லிவிடலாம். டெஸ்ட் எடுங்ணா என்று. ஏன் என்று கேட்டால்? கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். போனை எடுத்தார். அங்கப்பன் எடுக்கவில்லை, அவர் மனைவி சின்னாத்தாள் எடுத்தாள். பின்னால் யாரோ சாக்கை இழுக்கும் சத்தம்.

பாய்ங்களா, சொல்லுங்க, அவரு படுத்திருக்கறாருங்க என்றாள். காய்ச்சல் எப்படீங்க இருக்குது? கொதிக்குதுங்க, மூச்சும் வாங்குது, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னா, பாய் வேண்டாம்னாரு, ரெண்டு நாள்ல போயிரும்னாருன்னு எந்திரிக்கவே மாட்டேங்கறாருங்க. அமீர் ஹம்சா குறுக்கிட்டார். இல்லீங்க, நான் சொன்னது தப்புங்க, உடனே கூட்டிட்டுப் போயி டெஸ்ட் எடுங்க, இன்னிக்கே, இப்பவே. ஏனுங்க பாய், அன்னிக்கு வேண்டாம்னீங்க, இன்னிக்கு வேணுங்கறீங்க? கேட்டுவிட்டாள். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்ற கேள்வி வந்துவிட்டது. எனக்கு வந்திருக்குதுங்க என்றார். அட ஆண்டவா, உங்குளுக்குமா, எப்ப இருந்துங்க? அதே கேள்வி, வேறு வாயில். நேற்று என்று சொல்லலாம். அங்கே ஒரு நாள், இங்கே ஒரு நாள் சொன்னால் இரண்டும் எங்காவது ஒருநாள் சந்தித்துக்கொள்ளும், அதனால் நேற்று என்றே சொல்லிவிடலாம் என்று கணக்கு ஓடியது, அந்தக் கணக்கு ஓடுவதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார், அருவருப்பாக இருந்தது, திங்கக்கெழமைலருந்துங்க என்று சொல்லிவிட்டார். காலைல, அங்க வர்றதுக்கு முந்தியேங்க. மூக்கு செத்துப்போச்சுங்க, எதுவும் தெரியல, தெரிஞ்சேதான் வந்தேன், என்னாலதான் அவருக்கு வந்திருக்கும். சொல்லி முடித்ததும் இனித் திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார், விழட்டும், விழுந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஒரு திட்டில் பாதியாவது கழியும்.

சின்னாத்தாள் திட்டவில்லை. வாடையே தெரியலீங்களா அன்னிக்கு என்று மெதுவாகக் கேட்டாள். தெரியலீங்க. அப்பறம் எப்படீங்க சிக்கு வாடைன்னு சொன்னீங்க? குரலில் கோபம் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அவளே மேலே பேசினாள். நீங்க போனதுலருந்து அவருக்குச் சோறு எறங்கலீங்க, மிச்சமிருக்கற சாக்கையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சு மூஞ்சியை உள்ள உட்டு மோந்துட்டே இருந்தாருங்க, நேத்து வந்து, சின்னாத்தா, எனக்கு எந்த வாடையுமே தெரியல, நல்ல வாடையும் தெரியல, எல்லாமே கெட்டுப்போச்சாட்ட இருக்குதுன்னு பாதிச் சாக்கைத் தனியா ஒதுக்கிப்போட்டாருங்க, அதைக் கொண்டுபோயிக் குழில கொட்டச் சொல்லி ஆளுககிட்டச் சொல்லிப்போட்டுத்தான் படுத்தாரு, இப்ப அதைத்தான் இழுத்துட்டிருக்கறாங்க. நான் அவரைக் கூட்டிட்டுப் போறனுங்க பாய், டெஸ்ட்டு என்ன, எங்க சொன்னாலும் கூட்டிட்டுப் போறேன், ஆனா இதை நீங்க ஒரு வார்த்தை சொன்னாத்தான் அவரு எந்திரிப்பாரு, இருங்க, போனை அவரு காதுல வெக்கறேன். அது நல்ல கொப்பரைதானுங்களா?

கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் மூச்சு வந்தது, திங்கட்கிழமை கன்னத்தில் பட்ட அதே மூச்சு, இப்போது காதுக்குள், இழுத்து, விட்டு, இழுத்து. பாய்ங்களா என்றார் அங்கப்பன். ஆமாங்ணா என்றார் அமீர் ஹம்சா. நோயைக் கொடுத்தேன் என்பதைச் சொல்ல முடிந்ததே, அதைவிட இது என்ன பெரிய விஷயம், நல்ல கொப்பரை, இரண்டு வார்த்தை, யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையும்கூட... உண்மையா? எனக்குத் தெரியாதே, நான் மோந்து பார்க்கவில்லையே, ஆனால் இதற்கு முன் ஒவ்வொரு வருஷமும் மோந்திருக்கிறேனே, அந்த வருஷங்களில் எல்லாம் நல்லதென்று தெரியுமே, தெரிந்தும் ஒருதடவையாவது சொன்னேனா... அவர் வாயைத் திறந்தார். விற்கிறவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டுமானால் நாக்கை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் மூச்சு காத்துக்கொண்டிருந்தது.